சும்மா இருப்பவர்

தையல்காரர் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. 'நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடறேன்' என்பதை அந்தத் தொழிலில் யாரும் பொய்யில் சேர்ப்பதில்லை. ஆனால் பராமரிப்போர் நல வாரியத்தின் மூன்றாம் எண் ஜன்னலில் அவர் சொன்னது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பேச்சுவாக்கில் வந்த ஒரு வார்த்தை. அதுதான் அவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தியது.

"என்ன தொழில்?" என்று ஜன்னலுக்குள்ளிருந்த குமாஸ்தா கேட்டார்.

"தையல்கடை வெச்சிருந்தேன் சார். வீட்டுக்காரிக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சு. பாத்துக்க ஆள் இல்லைன்னு கடையை மூடிட்டேன். மூணு வருஷமா வீட்ல சும்மாதான் இருக்கேன்."

கடைசி வாக்கியத்தை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குமாஸ்தா சிரிக்கவில்லை. கணினியில் தட்டினார்: தொழில், சும்மா இருத்தல்.

இந்தச் சும்மா இருத்தல் காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். மனைவியைத் திருப்பிப் போட வேண்டும். நனைந்த விரிப்பை உருவி, உலர்ந்ததை விரிக்க வேண்டும். உடம்பு துடைத்து, தலை வாரி, மருந்தைப் பொடி செய்து, கஞ்சியைத் தேக்கரண்டியில் எடுத்து, அவள் விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. செத்துப்போன வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும். தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தூக்கித் திரும்பக் கட்டிலில் போட வேண்டும். அவள் ஐம்பத்தெட்டு கிலோ. பிள்ளைகள் கிடையாது. ஆள் வைத்துப் பார்க்க வசதியில்லை. மச்சான் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, நின்றுகொண்டே நலம் விசாரித்துவிட்டு, வண்டியை அணைக்காமல் வந்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார்.

தையல்காரரின் அடிவயிற்றில் புடைப்பு தெரிந்தபோது டாக்டர் கேட்டார், "கனமா ஏதாவது தூக்கறீங்களா?"

"கனம்னு சொல்ல முடியாது டாக்டர். என் சம்சாரம்."

டாக்டர் அதற்கும் சிரிக்கவில்லை. குடலிறக்கம் என்றார். "ஆபரேஷன் பண்ணியே ஆகணும். குடல் வெளியில வந்து மாட்டிக்கிட்டா உயிருக்கு உத்தரவாதம் இல்லை. பண்ணினப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

வாரியத்தில் இதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது. பராமரிப்பவர் இருபத்தொரு நாள் ஓய்வெடுக்கலாம், வீட்டுக்கு மாற்று ஆள் வருவார். கட்டடத்தின் நெற்றியில் ஆளுயர எழுத்தில் 'பராமரிப்போரைப் பராமரிப்போம்' என்று எழுதியிருந்தார்கள். இருபத்தொரு நாள் என்பதும் மூன்று வாரம் என்பதும் அச்சாகப் பொருந்தியதால், தனக்காகவே அளவெடுத்துத் தைத்த திட்டம் என்று தையல்காரர் நம்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தாங்கள் சும்மா இருப்பவர் என்பது தங்கள் வாய்மொழியாலேயே உறுதியாகிறது. சும்மா இருப்பவர் ஏற்கெனவே ஓய்வில் இருப்பதால், ஓய்வில் இருப்பவருக்கு ஓய்வு வழங்க விதிகளில் இடமில்லை.'

கட்டிலருகே நின்று வாசித்துக் காட்டினார். மனைவி பாதி முகத்தால் சிரித்தாள். பக்கவாதம் அவள் வலது பக்கத்தை எடுத்துக்கொண்டதே தவிர வாயை ஒன்றும் செய்யவில்லை.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாது நீங்க?"

"அதைச் சொல்லித்தானேடி மாட்டிக்கிட்டேன்."

பிரிவு அலுவலர் என்ற பெயரில் வாரியத்தின் முதல் மாடியில் ஒருவர் இருந்தார். தவறு திருத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு, தவறு என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரம் இல்லை.

"சார், நான் பேச்சுக்குச் சொன்னது அது. எல்லாரும் சொல்றதுதானே?"

"பாருங்க, பதிவான வார்த்தையை அழிச்சோம்னா அப்புறம் பதிவுக்கு என்ன மரியாதை? நாளைக்கே ஒருத்தர் வந்து, செத்துட்டேன்னு சொன்னது பேச்சுக்குன்னு சொல்வார். நாங்க என்ன பண்றது?" என்றவர், சற்று இளகினார். "ஆனா அழிக்க முடியாதே தவிர, விளக்கலாம். அதுக்குக் குழு இருக்கு."

சொற்பொருள் துணைக்குழு மூன்று தடவை கூடியது. அதன் அறிக்கையின் நகல் தையல்காரருக்கும் வந்தது. 'சும்மா வந்தேன்' என்பதில் காரணமின்மையும், 'சும்மா கொடுத்தார்' என்பதில் விலையின்மையும், 'சும்மா சும்மா கூப்பிடாதே' என்பதில் மிகையும், 'சும்மா சொன்னேன்' என்பதில் பொய்யும் பொருளாக வருகின்றன என்று குழு கண்டறிந்திருந்தது. விண்ணப்பதாரர் இவற்றில் எந்தப் பொருளில் இருக்கிறார் என்பதைக் கள ஆய்வு செய்யலாம் என்று பரிந்துரைத்துவிட்டு, தன் ஆயுளை மேலும் ஆறு மாதம் நீட்டித்துக்கொண்டது. இதற்குள் தையல்காரர் தன் புடைப்பை இஞ்சு டேப்பால் அளந்து பார்த்தார். ஒன்றரை அங்குலம் இருந்தது இரண்டேகால் ஆகியிருந்தது. இருமும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

கள ஆய்வாளர் ஒரு நடுத்தர வயது அம்மாள். கையில் அட்டை, அட்டையில் நாற்பது கேள்வி. அவர் வருகிறார் என்று தெரிந்து தையல்காரர் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் துடைத்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தைக்கத் தெரிந்தவர் போட்ட விரிப்பு. மனைவிக்குத் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

அம்மாள் முதுகைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். முகம் வாடிக்கொண்டே போனது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணுமே இல்லையே!"

"என்னம்மா இல்ல?"

"படுக்கைப்புண் இல்ல. நாத்தம் இல்ல. நகத்துல அழுக்குகூட இல்ல. பராமரிப்பு தேவைன்னு நான் எதை வெச்சு எழுதறது?"

"பராமரிக்கறதாலதானேம்மா அதெல்லாம் இல்ல?"

"அது உங்களுக்குத் தெரியுது. அட்டையில அந்தக் கட்டம் இல்லையே." அம்மாள் கெட்டவர் இல்லை. போகும்போது வாசலில் குரலைத் தாழ்த்தி நல்லதுதான் சொன்னார். "போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். முதுகுல உள்ளங்கை அகலம் புண்ணு. கண்ணை மூடிக்கிட்டு சிபாரிசு பண்ணிட்டேன். உங்க வீட்லயும் சின்னதா ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா என் கையில விஷயம் இருந்திருக்கும். மறுபடி வேணா ஒரு வாரம் கழிச்சு வரேன்."

ஆய்வுக் குறிப்பு இப்படி முடிந்தது: 'நோயாளி மிக நல்ல நிலையில் உள்ளார். பராமரிப்பு நடைபெறுவதற்கான தடயம் ஏதும் இல்லை.'

அம்மாள் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் அந்த வீடு ஒன்றரை அறைதான். எல்லாம் கட்டிலுக்குக் கேட்டிருந்தது. மத்தியானம் பக்கம் மாற்றப் போனபோது மனைவி இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத் திருப்பாதீங்க."

"விளையாடாத. மணி ரெண்டாச்சு."

"ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும்னு அந்தம்மா சொல்லிச்சுல்ல? வரட்டும். எனக்கு அந்தப் பக்கம் உணர்ச்சியே பாதி கிடையாது. வலிச்சாலும் தெரியாது. உங்களுக்கு அந்தக் கொடல் மாட்டிக்கிட்டா நீங்க போய்ச் சேந்துடுவீங்க. அப்புறம் என்னை யாரு திருப்பிப் போடுவா? உங்க மச்சானா?"

தையல்காரரால் தன் காதை நம்ப முடியவில்லை. மூன்று வருஷம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், அந்தத் தோல் கிழியாமல் பார்த்துக்கொண்டவர் அவர். தானே தைத்த துணியில் தானே கத்தரி வைக்கச் சொல்கிறாள். கெஞ்சினார். மிரட்டினார். அவள் தூங்கும்போது திருப்பிவிடலாம் என்று காத்திருந்தார். அவள் தூங்குவதாகப் பாசாங்கு செய்து, கை பட்டதும் கம்பியைப் பிடித்தாள். பலவந்தமாக இழுத்தால் அவர் வயிறுதான் முதலில் கிழியும் என்று இருவருக்கும் தெரியும். அவள் அதை வைத்துத்தான் ஜெயித்தாள்.

நான்காம் நாள் இடுப்பெலும்பின் மேல் சிவப்பு வந்தது. ஆறாம் நாள் தோல் உரிந்து கோட்டுப் பொத்தான் அளவுக்குப் புண் ஆனது. தையல்காரர் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அவமானமாக இருந்தது. யாரோ தன்னை ஊர் நடுவில் நிறுத்தி அறைந்ததுபோல் இருந்தது. திரும்பி வந்தபோது அவள், "எவ்வளவு பெருசு? அந்தம்மா கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இருக்கா?" என்று கேட்டாள்.

கள ஆய்வாளர் வந்து பார்த்து முகம் மலர்ந்தார். "இப்பத்தான் ஐயா எனக்கு எழுதறதுக்கு ஒண்ணு கெடச்சிருக்கு" என்று புண்ணை அளந்து, படம் எடுத்துக்கொண்டு, நம்பிக்கையாகப் போனார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. பராமரிப்பு தேவை என்பது படத்துடன் நிரூபணமாகிவிட்டதாம். அதே படத்தால், பராமரிப்பவர் கடமை தவறியவர் என்பதும் நிரூபணமாகிவிட்டதாம். 'மாற்று ஆள் என்பவர் தகுதியுள்ள ஒருவருக்கு மாற்றாக வருபவர். தாங்கள் தகுதி இழந்துவிட்டதால் மாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. விளக்கம் அளிக்க இயக்குநர் முன் ஆஜராகவும்.'

இயக்குநரின் அறையில் குளிர் அதிகம். அவர் தையல்காரரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அன்போடுதான் பேசினார். அன்பு அவருடைய துறை.

"நம்ம வாரியத்தோட முதுகெலும்பே உங்களை மாதிரி ஆளுங்கதான். நாள் முழுக்க, வருஷம் முழுக்க, ஒரு லீவு கேக்காம, ஒரு முணுமுணுப்பு இல்லாம செய்யறாங்க பாருங்க, அவங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம். வெளிய சொல்லாதீங்க, எங்ககிட்ட மாற்று ஆளுங்க மொத்தமே நாலு பேர். விண்ணப்பம் நாலாயிரம். அந்த நாலாயிரம் பேரும் வீட்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கறதாலதான் இந்த நாலு பேரை வெச்சுத் திட்டம் வெற்றிகரமா நடக்குது. அப்படியிருக்க ஒருத்தர் வந்து, எனக்கு முடியலை, ஓய்வு வேணும்னு கேட்டா, எனக்கு என்ன தோணுது தெரியுமா? அன்புல எங்கயோ ஓட்டை விழுந்துடுச்சோன்னு தோணுது."

"ஓட்டை வயித்துலதான் சார் விழுந்திருக்கு."

இயக்குநர் அதைக் காதில் வாங்கவில்லை. "எனக்குப் புரியாதுன்னு நெனைக்காதீங்க. எங்கம்மாவும் அஞ்சு வருஷமா படுக்கைதான். நான்தான் பாத்துக்கறேன். எவ்வளவு வேலை இருந்தாலும் ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுவேன்."

"மத்த நாள்ல யாரு சார் பாத்துக்கறது?"

"என் தங்கை இருக்கா" என்றார் இயக்குநர், பேனாவை மூடியபடி. "அவ வீட்ல சும்மாதான் இருக்கா."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உதவியாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு கருணையாகவே வந்தது. தகுதி இழந்தவர் இருபத்தொரு நாள் பயிற்சி பெற்றுத் தகுதியை மீட்கலாம். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. பயிற்சிக் காலத்தில் நோயாளி தனித்து விடப்படக் கூடாது என்பதால் வீட்டுக்கு மாற்று ஆள் அனுப்பப்படுவார், இரவும் அங்கேயே தங்குவார். தையல்காரர் இரண்டு தடவை வாசித்தார். மாதக்கணக்கில் எந்தக் கதவைத் தட்டினாரோ, அது திறக்காமல், பக்கத்துச் சுவர் இடிந்து வழிவிட்டிருந்தது.

"பயிற்சிக்குப் போற மாதிரி போங்க" என்றாள் மனைவி உடனே. "போய் ஆஸ்பத்திரியில படுத்துக்குங்க."

"கண்டுபிடிச்சுட்டா?"

"கண்டுபிடிச்சு, குழு போட்டு, அது மூணு தடவை கூடறதுக்குள்ள உங்களுக்குத் தையல் ஆறிடும்."

மாற்று ஆளாக வந்தவள் ஒரு தோல்பையோடு வந்த திடகாத்திரமான பெண். வந்ததும் வராததுமாகக் கை கழுவிவிட்டுப் புண்ணைப் பார்த்தாள். "அக்கா, இது ரெண்டு வாரத்துல ஆறிடும்" என்றாள். அவள் மனைவியைப் புரட்டிய விதத்தைப் பார்த்ததும் தையல்காரருக்குப் பாதி உயிர் வந்தது. தொழில் தெரிந்த கை.

முதல் நாள் பயிற்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். பயிற்றுநர் பஞ்சு பொம்மை ஒன்றைத் தூக்கிப் போட்டுக் காண்பித்தார். பொம்மையின் கை அதன் முதுகுக்கடியில் மடங்கிக்கொண்டது. தையல்காரர் தன்னையறியாமல் எழுந்து போய் அந்தக் கையை விடுவித்து, தோளுக்கடியில் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இடையில எழுந்திருக்கக் கூடாது" என்று பயிற்றுநர் அதட்டினார். மாலை ஆறு மணிக்கு இன்னொரு கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலை ஆபரேஷன் முடிந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கதையே வேறு என்று டாக்டர் திட்டினார். தையல்காரர் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டார்.

தவறு எங்கே என்றால், வாரியத்தில் எல்லாமே மெதுவாக நடக்கும் என்று மனைவி நினைத்ததுதான். கொடுப்பதுதான் அங்கே மெதுவாக நடக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு தாண்டியதும் மாற்று ஆள் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"ஐயா, நீங்க ரெண்டு நாளா பயிற்சிக்கு வரலையாம். பயிற்சியில இல்லாதவர் வீட்டுக்கு மாற்று ஆள் கிடையாதாம். என்னை உடனே வேற வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. வாசல்ல வண்டி நிக்குது."

"சாயங்காலம் வரைக்குமாவது இரும்மா. நான் அவங்ககிட்ட பேசறேன்."

"நான் பேசிப் பாத்துட்டேன் ஐயா. இல்லேன்னா எனக்கு வேலை போயிடும்ங்கறாங்க." பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பன்னெண்டு மணிக்கு அக்காவை மல்லாக்கத் திருப்பிப் போட்டேன். கஞ்சி குடுத்துட்டேன். தண்ணி இடது கைக்கு எட்டற மாதிரி வெச்சிருக்கேன். கதவைச் சாத்திட்டுப் போகவா, பூட்டிட்டுப் போகவா ஐயா?"

தையல்காரர் அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்தார். பூட்டினால் யாரும் உள்ளே போக முடியாது. சாத்தினால் யார் வேண்டுமானாலும் போகலாம். "சாத்திட்டுப் போம்மா" என்றார்.

வாரியத்துக்குப் போன் செய்தார். பராமரிப்போரைப் பராமரிப்போம் என்று ஒரு குழந்தை பாடியது. பாட்டு முடிந்து முதலிலிருந்து பாடியது. மச்சானுக்குப் போட்டார், மணி அடித்து ஓய்ந்தது. ஒன்றரை மணி ஆனது. இன்னும் இரண்டு நாளைக்கு அசையக் கூடாது என்று சொல்லியிருந்த நர்ஸ் அந்தக் கோடியில் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரர் ஒரு கையால் கட்டிலையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொள்ளவே வெகு நேரம் பிடித்தது.

வாடகை வண்டிக்காரரிடம் மேடு பள்ளம் பார்த்துப் போகச் சொன்னார். அவர் பார்த்துத்தான் ஓட்டினார். ஆனாலும் ஒவ்வொரு குழியும் வயிற்றில் வந்து விழுந்தது.

கதவு சாத்தியபடியே இருந்தது. உள்ளே தம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. தண்ணீர் கட்டிலின் கீழ் ஓடியிருந்தது. அவள் மல்லாந்தபடியே கிடந்தாள். விரிப்பு நனைந்திருந்தது. அவர் உள்ளே வந்த நடையைக் கேட்டதும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"எதுக்கு வந்தீங்க?" என்று கத்தினாள். "யாரு வரச் சொன்னா உங்களை? போங்க. தையல் பிரிஞ்சுடும், போங்க. நான் இப்படியே கெடக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. என்னைத் தொடாதீங்க!"

அவர் பக்கத்தில் வந்ததும் இடது கையால் அடித்தாள். தோளில், மார்பில், எட்டிய இடத்தில் எல்லாம் அடித்தாள். இருக்கிற ஒரு கையில் நல்ல பலம் இருந்தது. தையல்காரர் விலகவில்லை. கை ஓயும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்ததில்லை.

"மணி ரெண்டரை ஆச்சு" என்றார்.

அவர் வழக்கம்போல் ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தார். அவள் தன் கனத்தில் கொஞ்சத்தையாவது தானே சுமக்க முடியுமா என்று பார்க்கிறவள்போல, இடது கையை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு இறுக்கிக்கொண்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்.